வலித்த பல் அப்படியே இருக்கிறது. பிடுங்கியது பக்கத்துப் பல்லை!

எட்டு வயது மகளின் தாய் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை முதலில் சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு இடது பக்கம் கீழ்க் கடைவாயில் ஒரு மாதமாக வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பல் மருத்துவர், "சொத்தை ஆழமாகப் போய்விட்டது, பால் பல்தான், எடுத்துவிடலாம்" என்று சொல்லி, சீட்டில் 75 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பல் எடுக்கும்போது தாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். சிறிது நேரத்தில் பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்த மகள் ஏதோ சொல்ல வாயெடுக்க, "பேசாம இரு, ரத்தம் வரும்" என்று தாயே அடக்கியிருக்கிறார். அன்று இரவு மறுபடியும் அதே வலி. செல்போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தால், கருப்புக் குழி விழுந்த பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த பல்லைக் காணோம். டிஷ்யூவில் சுற்றிக் கொடுத்த பல்லில் சொத்தையும் இல்லை. வேர் மட்டும் நீளமாக இருக்கிறது.

மறுநாள் போய்க் கேட்டபோது டாக்டர், "அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. பால் பல்தானே, முளைத்துவிடும். இன்னொன்றைக் காசு வாங்காமல் எடுத்துவிடுகிறேன்" என்றாராம். ஒன்பது நாள் ஆகிவிட்டது. வேர் இவ்வளவு நீளமாக இருப்பதால் பிடுங்கியது நிலைப்பல்லோ என்று தாய்க்குப் பயம். பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார், திரும்பப் பொருத்த முடியுமா என்று கேட்கிறார். கணவர் வீடியோ எடுத்துப் போடுவேன், வழக்குப் போடுவேன் என்கிறார். மகள் வாயைத் திறக்கவே மறுக்கிறாள். "நான் உள்ளே இருந்திருந்தால் இது நடந்திருக்காதே" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இனி உங்களோடு நேரடியாகப் பேசுகிறேன். நான் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர். உங்கள் மகளின் வாயை நான் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொல்கிறேன்.

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் போய்விட்ட பல்லைப் பற்றி. இருக்கிற பல்லைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "ராத்திரி வலிக்கிறது என்கிறாள், மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறேன்." எனக்கு அந்த இரண்டு வரிதான் உறுத்துகிறது. ஆழமாகச் சொத்தை விழுந்த பல் ஒன்பது நாளாகச் சிகிச்சை இல்லாமல் கிடக்கிறது. கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கவோ வாயைத் திறக்கவோ சிரமப்பட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். யார் மேல் தப்பு என்ற கேள்வி அதுவரை காத்திருக்கட்டும். வீக்கம் எதுவும் இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் வேறொரு பல் மருத்துவரிடம், முடிந்தால் குழந்தைகள் பல் நிபுணரிடம், காட்டிவிடுங்கள்.

பிடுங்கியது எந்தப் பல்?

பால் பல்லுக்கு வேர் கிடையாது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தானாக விழுந்த பல்லைத்தான் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் வேர் இருக்காது. ஆனால் அது வேரோடு முளைத்த பல்தான். அடியிலிருந்து நிலைப்பல் மேலே ஏறி வர வர, பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போகும். கடைசியில் பல் வெறும் தொப்பி மாதிரி ஈறில் ஒட்டிக்கொண்டு ஆடும். விழ வேண்டிய காலத்துக்கு முன்பே பிடுங்கினால் வேரும் சேர்ந்துதான் வரும். அதிலும் கீழ்க் கடைவாய்ப் பால் பல்லுக்கு இரண்டு வேர், கவட்டை போல விரிந்திருக்கும். அந்தக் கவட்டைக்கு நடுவில்தான் அடுத்த பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே நீளமான வேரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

அதே நீள வேர் வேறொன்றையும் சொல்கிறது. விழும் காலம் நெருங்கியதால் ஒரு பால் பல் ஆடினால் அதன் வேர் பெரும்பாலும் கரைந்திருக்க வேண்டும். வேர் முழுசாக இருக்கிறது, சொத்தையும் இல்லை என்றால், "ஆடிக்கொண்டிருந்தது" என்ற விளக்கம் எனக்கு எளிதில் ஒட்டவில்லை. அடிபட்டோ, பக்கத்துப் பல்லின் சீழ் பரவி எலும்பு அரித்தோ ஆடியிருக்கலாம். அப்படியானால் அது எக்ஸ்ரேயில் தெரியும்.

எந்தப் பல் போனது என்பதை வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். நீங்களே வரிசையைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்: நடுக்கோட்டிலிருந்து இடது பக்கமாக இரண்டு முன்பல், ஒரு கூர்ப்பல், பிறகு வெற்றிடம், பிறகு கருப்புக் குழிப் பல், அதற்கும் பின்னால் பெரிய பல் ஒன்று. அப்படியானால் வெற்றிடம் நான்காவது, சொத்தைப் பல் ஐந்தாவது, கடைசியில் இருப்பது ஆறாவது.

பல் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் எண் முறையில், பால் பற்களுக்கு முதல் இலக்கம் 5 முதல் 8 வரை. 7 என்றால் இடது கீழ்ப்பக்கம். இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 75 என்பது இடது கீழ்ப் பக்கத்தின் ஐந்தாவது பால் பல், அதாவது இன்னும் வலித்துக்கொண்டிருக்கும் அந்தப் பல்தான். போனது 74. இரண்டும் பால் பற்கள். சீட்டு 75 என்கிறது, வெற்றிடம் 74-இல் இருக்கிறது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் இருக்கும் பெரிய பல் 36, நிலைப்பல் (நிலைப்பற்களில் இடது கீழ்ப்பக்கத்துக்கு முதல் இலக்கம் 3). ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பது. பல பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தால்கூட "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அது போனால் போனதுதான், மறுபடி முளைக்க அடியில் எதுவும் இல்லை. உங்கள் மகளுக்கு அது இருக்கிறது.

திரும்பப் பொருத்த முடியுமா?

முடியாது, பொருத்தவும் கூடாது. பிடுங்கிய அன்றைக்கே என்னிடம் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். பால் பல்லைத் திரும்பக் குழிக்குள் அழுத்தினால் அடியில் இருக்கும் நிலைப்பல் மொட்டு நசுங்கலாம், கிருமி தொற்றலாம். எனவே "அன்றைக்கு இரவே ஓடியிருந்தால்" என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

நிலைப்பல் தவறுதலாகப் பிடுங்கப்பட்டிருந்தால் கதையே வேறு. அடிபட்டு விழுந்தாலும் அப்படித்தான். வேரைத் தொடாமல், தேய்க்காமல், மேல்பகுதியைப் பிடித்து உடனே குழியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு மணி நேரம் காய்ந்துபோய்க் கிடந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் செத்துவிடும். டிஷ்யூவில் சுற்றிக் கையில் கொடுப்பது பால் பல்லுக்குத்தான் சரி.

"முளைத்துவிடும்" என்பது பாதி உண்மை

74-க்கு அடியில் முளைக்க வேண்டிய நிலைப்பல் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் வரும். சிலருக்கு மொட்டே இருக்காது. அப்படி இல்லாமல் போவது ஞானப்பல்லுக்கு அடுத்தபடியாக, கீழ்த்தாடையில் ஐந்தாவது இடத்துப் பல்லில்தான் அதிகம், அதாவது உங்கள் மகளின் சொத்தைப் பல்லுக்கு அடியில். நான்காவதில் அது அபூர்வம். ஆகவே முளைத்துவிடும் என்று சொல்பவர் எக்ஸ்ரேயில் மொட்டைக் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். "எங்கே டாக்டர் அது, கொஞ்சம் காட்டுங்கள்" என்று நீங்கள் கேட்கலாம், தப்பே இல்லை.

பிடுங்கியதால் சீக்கிரம் முளைக்குமா, தாமதமாகுமா? அடியில் இருக்கும் பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அதன் மேல் எவ்வளவு எலும்பு மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எலும்புக்குள் ஒரு மில்லிமீட்டர் ஏறி வரச் சராசரியாக நான்கைந்து மாதம் ஆகும் என்பது நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. எப்படிப் பார்த்தாலும் அந்த வெற்றிடம் இரண்டு மூன்று வருடம் காலியாகக் கிடக்கப் போகிறது.

அந்த இடம்தான் விஷயமே. பால் பல் கடிப்பதற்கு மட்டும் இல்லை. வரப்போகிற பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேலை. நெரிசலான பேருந்தில் துண்டு போட்டு வைத்த இருக்கை மாதிரி, துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். இடம் குறைவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் நடந்துவிடும். ஒன்பது நாள்தான் ஆகியிருக்கிறது, காலம் கடந்துவிடவில்லை.

இதில் ஒரு ஆறுதலும் ஒரு எச்சரிக்கையும் இருக்கின்றன. 36 முழுசாக முளைத்து, மேல் பல்லோடு சரியாகக் கடித்துக்கொண்டிருந்தால், 74 மட்டும் போனதால் ஏற்படும் இட இழப்பு பெரும்பாலும் சின்னதுதான். கூர்ப்பல் கொஞ்சம் பின்னால் சாயலாம், முன்பல்லின் நடுக்கோடு கொஞ்சம் விலகலாம். ஆனால் 75-உம் போய்விட்டால் 36-ஐ முன்னால் வராமல் தடுத்து நிறுத்த யாரும் இல்லை. அது சாய்ந்து முன்னேறினால், அடியிலிருந்து வர வேண்டிய இரண்டு பற்களுக்கும் இடம் போதாது. கோணலாக வரும், அல்லது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பின்னாளில் கிளிப் போட்டு நிமிர்த்தும் வேலை பெரிதாகிவிடும்.

அதனால்தான் "இன்னொன்றைக் காசு வாங்காமல் எடுத்துவிடுகிறேன்" என்ற சலுகையை அப்படியே ஏற்க வேண்டாம் என்கிறேன். 74 இருந்தபோது 75-ஐ எடுக்கலாம் என்று போட்ட கணக்கு, 74 போன பிறகு அப்படியே பொருந்தாது. திரும்பப் போட வேண்டும். இரண்டாவது மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "75-ஐக் காப்பாற்ற முடியுமா?" பால் பல்லுக்கும் நரம்புச் சிகிச்சை செய்து, மேலே உலோகத் தொப்பி மாட்டலாம். வேர்களுக்கு நடுவில் எலும்பு அரிக்காமல் இருந்தால், வேர் அதிகம் கரையாமல் இருந்தால், தொப்பி பிடிக்கும் அளவுக்குப் பல் மிச்சம் இருந்தால், அது பல வருடம் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். முடியாது, சீழ் பரவிவிட்டது என்றால் எடுத்தே ஆக வேண்டும். இடம் காப்பதற்காகச் சீழ்ப் பல்லை வைத்துக்கொண்டிருக்க முடியாது, அது அடியில் வளரும் நிலைப்பல்லின் எனாமலையே கெடுத்துவிடும்.

எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இரண்டாவது கேள்வி, "இடம் காக்கும் கம்பி தேவையா?" ஒரு பல்லுக்கான வெற்றிடம் என்றால் பக்கத்துப் பல்லில் வளையம் மாட்டி ஒரு சின்னக் கம்பியை நீட்டி வைப்பார்கள். இரண்டு பல்லும் போனால், கீழ்ப்பற்களின் உள்பக்கமாக ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை போகும் கம்பி பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். மாட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. வளையத்தின் ஒட்டு கரைந்தால் அதற்கடியில் புதிதாகச் சொத்தை பிடிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை காட்டி, நிலைப்பல் தலை நீட்டியதும் கழற்றிவிட வேண்டும்.

தவறா, சொல்லாமல் எடுத்த முடிவா?

நீங்கள் தவறு என்று உறுதியாகச் சொல்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. வரிசையைச் சீராக வைக்கவோ, பற்களின் நெரிசலைக் குறைக்கவோ, நல்ல பால் பல்லைத் தெரிந்தே எடுப்பதும் எங்கள் தொழிலில் உண்டு. அப்படி எடுத்திருந்தால் காரணம் முன்பே குறிப்பில் இருக்கும், உங்களிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். குறிப்பிலும் இல்லை, உங்களிடமும் சொல்லவில்லை என்றால், பல்லை மாற்றி எடுத்தார்களா, கேட்காமல் எடுத்தார்களா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே குறைபாடுதான்.

"தப்பான பல் என்றால் அவளுக்கு வலித்திருக்குமே, கத்தியிருப்பாளே" என்று எழுதியிருக்கிறீர்கள். வலித்திருக்காது. கீழ்க் கடைவாய்க்கு வழக்கமாகப் போடும் ஊசி, அந்தப் பக்கத்துக் கீழ்ப்பற்கள் எல்லாவற்றையும் உதடோடு சேர்த்து மரக்கச் செய்துவிடும். எந்தப் பல்லை இழுத்தாலும் ஓர் அழுத்தம்தான் தெரியும். அவள் அழாமல் இருந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எப்படி நடக்கிறது இது? பெரும்பாலும் சின்னச் சறுக்கல்தான். நோயாளியின் இடது எங்களுக்கு வலது. குழந்தையின் வாயில் பால் பல்லும் நிலைப்பல்லும் கலந்து கிடக்கும், அடுத்தடுத்த இரண்டு கடைவாய்ப் பற்கள் சாயலில் ஒன்றுபோல இருக்கும், எச்சிலும் ரத்தமும் வேறு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே 54 (வலது மேல்பக்கம்) என்று எழுத வேண்டிய இடத்தில் 64 (இடது மேல்பக்கம்) என்று எழுதியிருக்கிறேன். ஊசி போடும் முன் நர்ஸ் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "டாக்டர், அந்தப் பக்கம் இல்லையே" என்றார். அன்று தப்பித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைகளுக்காக வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் எல்லோரும் ஒரு நொடி நின்று ஆள், இடம், சிகிச்சை ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று இருப்பது இதற்காகத்தான். பல் பிடுங்குவதற்கு அது பெரிய சடங்காகத் தெரியலாம். பத்து நொடிகூட ஆகாது.

சறுக்கல் யாருக்கும் நடக்கும். நடந்ததும் "தவறு நடந்துவிட்டது, இனி இதைச் செய்வோம்" என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் டாக்டர் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் அங்கேதான்.

என்ன கேட்கலாம், என்ன செய்ய வேண்டாம்

நான் வக்கீல் இல்லை, விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். எங்கேயும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் ஆகியவற்றின் நகலைத் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். எந்தப் பல் எடுக்கப்பட்டது, ஏன் எடுக்கப்பட்டது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கோபமாக எழுத வேண்டாம், நான்கு வரி போதும். இரண்டாவது மருத்துவர் பார்த்ததையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிடுங்கிய பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான் தூக்கிப்போடச் சொல்லவில்லை.

நடந்ததை அவர்கள் ஒப்புக்கொண்டால், இடம் காக்கும் கம்பி, தொடர் பரிசோதனை, பின்னால் கிளிப் தேவைப்பட்டால் அதன் செலவு ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள். "இத்தோடு முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் மட்டும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். இதன் விளைவு முழுசாகத் தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும்.

ஒப்புக்கொள்ளாவிட்டால், மருத்துவர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் வழியிலும் போகலாம். புகாருக்கும் வழக்குக்கும் காலக் கெடு இருக்கும் என்பதால் ஒரு வக்கீலிடம் அதை மட்டுமாவது இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அடக்கி வைத்திருங்கள். பால் பல், நிலைப்பல் மொட்டு பத்திரமாக இருக்கிறது, இடமும் காக்கப்பட்டது என்றால், நட்ட ஈடு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கலாம். அதனால் புகார் வீண் என்று அர்த்தமில்லை. அடுத்த குழந்தைக்கு அந்த கிளினிக்கில் யாராவது எண்ணைச் சரிபார்ப்பார்கள்.

உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. வீடியோ மட்டும் வேண்டாம் என்று என் சார்பில் சொல்லுங்கள். பெயரைச் சொல்லிப் போட்டால் அவதூறு என்று வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். அதைவிட, வாயைத் திறக்கவே பயப்படும் குழந்தையின் வாயைத் திறந்து ஊருக்குக் காட்டுவது அவளுக்குச் செய்கிற இரண்டாவது அநியாயம்.

மகளிடம்

அவள் அன்று என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. எனக்கென்னவோ, "அது இல்ல, பின்னாடி" என்றுதான் சொல்ல வந்திருப்பாள் என்று தோன்றுகிறது. தெரியாது, கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, "அன்னைக்கு நீ சொல்ல வந்ததை அம்மா கேட்கலை, தப்பு அம்மா மேல" என்று சொல்லிவிடுங்கள். பல்லைப் பற்றியும் மழுப்ப வேண்டாம். "டாக்டர் வேற பல்லை எடுத்துட்டாங்க, அந்த இடத்துல புதுப் பல் வரும், வலிக்கிற பல்லை வேற டாக்டர் சரி பண்ணுவாங்க" என்றால் எட்டு வயதுக்குப் புரியும். "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க, சும்மா பாப்பாங்க" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். ஊசியைப் பார்த்த நொடியில் அந்தப் பொய் உடையும், அதோடு உங்கள் வார்த்தையும்.

நீங்கள் உள்ளே இருந்திருந்தாலும் எது 74, எது 75 என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனவே அந்தக் குற்ற உணர்ச்சியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். புது மருத்துவரிடம் முதல் நாள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அவசரம் இல்லாதபட்சத்தில். சிகிச்சை நாளன்று உள்ளே இருக்க அனுமதி கேளுங்கள். ஊசி போடும் முன் மகள் கையில் கண்ணாடியைக் கொடுத்து, எந்தப் பல் என்று அவளையே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும், நீங்கள் சீட்டைப் பார்த்துத் தலையாட்டுங்கள்.